சீப்பு வெச்சா அப்பா பேசுவாரு

ஸ்ரீரங்கம்
9.6.2024

அப்பாவுக்கு,

கனிஷ்கா எழுதறேன். உங்களுக்கு முன்னாடியே இதைப் படிச்சு முத்திரை குத்தப்போற ஜெயில் சாருக்கும் ஒரு வணக்கம். சார், இதுல ரகசியம் எதுவும் இல்ல. எழுத்துப்பிழை இருக்கும், அதைக் கண்டுக்காதீங்க.

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். உங்க முட்டிவலி எப்படி இருக்குன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. சொல்லாட்டியும் கேட்டிருப்பேன்.

விஷயத்துக்கு வரேன். சாயங்காலம் அம்மா ஸ்வீட் கடை வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் தம்பி மருதையை மேய்க்கற டியூட்டி எனக்கு. போனைக் குடுத்தா நிலா பாட்டுல ஆரம்பிப்பான், கொஞ்ச நேரத்துல எந்த ஊர்க்காரனோ புல்டோசர் கழுவறதுல போய் நிப்பான். பிடுங்கினா தெருவே கூடும். அதான் நானே அவனுக்கு ஒரு பெட்டி செஞ்சுட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்காருல்ல ஜாவித் அண்ணன், அவரு பழைய சாமானெல்லாம் குடுத்தாரு. நீங்க உள்ள கம்பி எண்றீங்கன்னு எதிர்வீட்ல பேசிக்கறாங்க. நானும் கம்பிதான் எண்றேன். உங்களது இரும்பு, என்னோடது செம்பு.

எப்படின்னா, ஒவ்வொரு சாமானுக்கு அடியிலயும் ஒரு ரூபா சைஸுக்கு ஒரு ஸ்டிக்கர், அதுக்குள்ள ஒரு குட்டி சிப். பெட்டி மூடிக்குக் கீழ அதைப் படிக்கற பலகை. மருதைக்கு எழுத்தும் தெரிய வேணாம், பட்டனும் தெரிய வேணாம். யானை பொம்மையை மூடி மேல வெச்சா யானைக் கதை. மரக் கரண்டியை வெச்சா அம்மா பாடற தாலாட்டு. பஸ் பொம்மையை வெச்சா பஸ் ஹாரன். எடுத்தா அந்த நொடியே நின்னுடும். அவன் வெக்கறதுதான் சட்டம்.

முதல்ல எவர்சில்வர் டப்பாவுல செஞ்சேன், பேசவே இல்ல. சுத்தி இரும்பு இருந்தா உள்ள இருக்கறது வெளிய இருக்கறதோட பேசாதுன்னு ஜாவித் அண்ணன் சொன்னாரு. (உங்களைச் சொல்லலப்பா!) இப்ப அம்மாவோட மர அஞ்சறைப்பெட்டியில ஓடுது. கடுகு, சீரகமெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் குடி போயாச்சு. கதையில லேசா வெந்தய வாசம் வரும்.

அம்மாவோட தோசைத் திருப்பிக்குக் குக்கர் விசில் செட் பண்ணிருக்கேன். மூணு தடவை ஓடிப்போய் காலி அடுப்பை அணைச்சாங்க. நாலாவது தடவை திருப்பி என் முதுகுல பேசிச்சு.

இப்படிக்கு,
உங்கள் வாலில்லாத பொண்ணு

*

மத்திய சிறை, திருச்சி
20.6.2024

அன்பு கனிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். முட்டிவலி பரவாயில்லை. உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே முத்திரை போடுகிற சார் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். "உங்க பொண்ணு எங்களையும் விடாது போல" என்றார். பக்கத்துப் பாயில் படுக்கிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். இரும்பு விஷயம் வந்த இடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

பெட்டி நல்ல காரியம். படிப்பை விட்டுவிடாதே. ஒன்று கேட்கிறேன், ஏன் என்று கேட்காதே. அந்த பஸ் ஹாரனை எடுத்துவிடு. மணப்பாறை ரோட்டில் என் பஸ் அடித்து முறுக்குக்காரர் செத்தபோது நான் ஹாரன் அடிக்கவில்லை. கோர்ட்டில் எல்லாரும் சொன்னதுதான், உனக்கும் தெரியும். அவர் வண்டியில் கட்டியிருந்த டின்கள் ரோட்டில் உருண்ட சத்தம் எனக்கு இன்னும் நிற்கவில்லை. வீட்டில் அந்தப் பையன் ஹாரன் அடித்து விளையாட வேண்டாம்.

மருதையை இங்கே கூட்டி வராதீர்கள். போனிலும் தர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தூர ஓட்டம் போயிருக்கிறேன் என்றே இருக்கட்டும். என்னைக் கேட்கிறானா?

அம்மாவை வெயிலில் அலைய விடாதே.

உன் அப்பா
வீரமலை

*

ஸ்ரீரங்கம்
30.6.2024

அப்பா,

எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் ஜலதோஷம், ஸ்வீட் கடை ஏசிதான் காரணம். ஏசிக்கு என் கண்டனங்கள்.

உங்க உத்தரவுப்படி பஸ் இனிமே ஹாரன் அடிக்காது. ஆடு மாதிரி கத்தும். மருதை ஒத்துக்கிட்டான். அவன் உலகத்துல பஸ் கத்தறதும் ஆடு ஓடறதும் சகஜம்.

உங்களைக் கேக்கறானான்னு கேட்டீங்க. கதையைக் கேளுங்க. கண்ணாடிகிட்ட உங்க சிவப்புச் சீப்பு கிடக்குல்ல, எப்பவும் சட்டைப் பையில தலை நீட்டிக்கிட்டு இருக்குமே, அது. போன வாரம் அவனா அதை எடுத்துட்டு வந்து பெட்டி மேல வெச்சான். ஸ்டிக்கர் இல்ல, எப்படிப் பேசும்? கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தான். "டேய், அதுல ஒண்ணும் இல்லடா"ன்னேன். "அப்பா மெதுவாத்தான் வருவாரு"ன்னான்.

அவன் தூங்கினதும் சீப்புல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். அம்மா போன்ல நீங்க அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு, அதை ஏத்திட்டேன். "வந்துட்டே இருக்கேன் கனி. தூங்கிடாதீங்க. கதவத் தாழ் போடாம வைங்க. அப்புறம்..." அதோட நின்னுடும்.

ஹிட்டுப்பா! யானை ரிட்டயர் ஆயிடுச்சு. தினமும் நீங்கதான். உங்க வாய்ஸ் முடிஞ்சதும் ஓடிப்போய் கதவுத் தாழை எடுத்து விட்டுட்டு வந்து உக்காருவான். ஒரே ஒரு சந்தேகம்தான் அவனுக்கு. "அப்புறம் என்ன?"ன்னு கேக்கறான். என்ன சொல்ல வந்தீங்க? எழுதுங்க, சொல்லிடறேன்.

கனி

*

மத்திய சிறை, திருச்சி
5.8.2024

கனிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

அந்த வாய்ஸை எடுத்துவிடு. சீப்பில் வேறு ஏதாவது பாட்டு வை. என் குரலுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று மட்டும் எழுது.

அப்பா

*

ஸ்ரீரங்கம்
12.8.2024

அப்பா,

அம்மாவுக்கு ஜலதோஷம் போயிடுச்சு. நீங்க தூங்கறீங்களா?

இயர்போன் போட்டுக் கேட்டேன். என்ஜின் சத்தம். யாரோ டிக்கெட் கேக்கறாங்க. நீங்க "அப்புறம்"னு சொல்றீங்க. அதுக்கப்புறம் எதுவும் இல்ல.

அந்த வாய்ஸ் வந்த தேதியும் மணியும் அம்மா போன்ல இருக்கு. கோர்ட் பேப்பர்லயும் ஒரு தேதியும் மணியும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணு. அந்த நேரத்துல உங்க கையில என்ன இருந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. கோர்ட்ல யாரும் கேக்கல போல. இந்த லெட்டரை முத்திரை போடற சாரும் படிப்பாரு, அதனால மேல எழுதல. நீங்களும் எழுதாதீங்க.

நீங்க சொன்னபடி எடுத்துட்டேன். சீப்பு வெச்சா மயில் அகவற மாதிரி மாத்தினேன். மருதை கேட்டான், அழல. சீப்பை எடுத்து ஊதிட்டுத் திரும்ப வெச்சான். மயில். திருப்பிப் போட்டு வெச்சான். மயில். அப்புறம் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டான், அம்மா சாப்பாடு ஊட்டறப்பகூடத் திரும்பல. மூணாம் நாள் நானே திரும்ப உங்க குரலைப் போட்டுட்டேன். திட்டறதா இருந்தா திட்டுங்க.

போன வாரம் ஆடி அமாவாசை. நம்ம தெரு வழியாத்தான் ஊரே அம்மா மண்டபம் படித்துறைக்குப் போச்சு. வேற விசேஷம் இல்ல.

வாலைச் சுருட்டி வெச்சிருக்கும்,
கனி

*

மத்திய சிறை, திருச்சி
9.9.2024

கனிம்மாவுக்கு,

திட்டவில்லை. யாரைத் திட்ட.

உடம்பு சௌகரியம். இங்கே கொஞ்ச நாளாக ஒரு காக்காய் பழகியிருக்கிறது. சாப்பாட்டு வேளைக்குச் சுவரில் வந்து உட்கார்ந்து என்னையே பார்க்கும். சோறு போட்டால் தொடாது. எனக்குப் போட வந்தது மாதிரி நிற்கும். இங்கே இருக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள்.

நன்னடத்தைக்குத் தள்ளுபடி போக, டிசம்பரில் விடுவார்கள் என்கிறார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். வெளியே வந்ததும் நேராக வீட்டுக்கு வருவதாக இல்லை. நாக்பூர் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் வேலை இருக்கிறது, இங்கே ஒருத்தர் சொல்லியிருக்கிறார். பணம் அனுப்புகிறேன். பையனுக்குக் கொஞ்சம் விவரம் வந்த பிறகு வருகிறேன். ஏற்கெனவே தூர ஓட்டம் என்றுதானே சொல்லி வைத்திருக்கிறோம்? அது அப்படியே இருக்கட்டும்.

அப்பா

*

ஸ்ரீரங்கம்
6.10.2024

அப்பா,

நலம் விசாரிக்கற பார்ட்டெல்லாம் இன்னைக்கு வேணாம்.

நான் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். அம்மா எழுதக் கூடாதுன்னு சாமி படத்து மேல கை வெக்கச் சொன்னாங்க. காலண்டர் மேலதான் வெச்சேன், அதனால எழுதறேன்.

இங்க நீங்க செத்துட்டீங்கப்பா.

நாங்க யாரும் சொல்லல. மருதைதான் சொல்றான். ஜூலையில பக்கத்து வீட்டு அல்ஷிஃபா விளையாட வந்துச்சு, அவன் கிளாஸ்தான். இவன் பெருமையா சீப்பை வெச்சுக் காட்டினான். அது கேட்டுட்டு, அவங்க தாத்தாவைச் சொல்லி, "எங்க நன்னாவும் இப்படித்தான், வீடியோவுல பேசுவாரு, வர மாட்டாரு. மவுத்தாயிட்டாரு"ன்னுச்சு. "அப்டின்னா?"ன்னான். "செத்துப் போயிட்டாரு. குரல் மட்டும் வரும்." அது பாட்டுக்குச் சொல்லிட்டு முறுக்கு கேட்டுச்சு.

மறுநாள் அம்மா வேலைக்குப் போறப்ப தலையில வெக்க எடுத்த மல்லிப்பூவுல பாதியைக் காணோம். பாத்தா பெட்டியைச் சுத்திப் போட்டிருக்கான். சுவத்துல தாத்தா போட்டோவுக்குப் போட்டிருக்கமே, அதே மாதிரி. தாத்தா பேரைத்தான அவனுக்கு வெச்சீங்க? தாத்தா பேருல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு உயிரோட இருக்கற உங்களுக்கு மாலை போடறான். அம்மா அதைப் பாத்துட்டுப் பூவைப் பிச்சுப் போட்டாங்க. குங்குமத்தை அழிஞ்சுருச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. "அப்பா சாகலடா"ன்னேன். "அப்ப எங்க?"ன்னான்.

புதன்கிழமை மகாளய அமாவாசை. தாத்தாவுக்காக அம்மா காக்காவுக்குச் சோறு வெச்சாங்க. இவன் தன் தட்டுலேர்ந்து ஒரு பிடி எடுத்து, தனியா ஓரமா வெச்சு, "கா கா, அப்பாவுக்கு"ன்னு கூப்பிட்டான். ஆடி அமாவாசைக்கும் இதையேதான் செஞ்சான், "விசேஷம் இல்ல"ன்னு நான் எழுதினது அதைத்தான். நீங்க அந்தக் காக்காயைப் பத்தி எழுதினதைப் படிச்சப்ப அந்த வரியை மட்டும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டல.

நீங்க நாக்பூர் போனா அவன் சொன்னது நிஜமாயிடும். அவனுக்கு விவரம் வர்றப்ப நீங்க வந்து நின்னா, அவன் அப்பாவைப் பாக்க மாட்டான். பேயைத்தான் பாப்பான்.

முத்திரை போடற சார், இதை எங்கப்பா கையில சீக்கிரம் குடுங்க. ப்ளீஸ்.

கனிஷ்கா

*

ஸ்ரீரங்கம்
17.11.2024

அப்பா?

எங்க பெட்டியாவது சீப்பு வெச்சா பேசும். உங்களுக்கு என்னத்தை வெக்கறது?

கனி

*

மத்திய சிறை, திருச்சி
5.12.2024

கனிக்கு,

அடுத்த சனிக்கிழமை விடுகிறார்கள். வீட்டுக்கு வருகிறேன். பையனிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அப்பா

*

அடுப்படி
17.12.2024, செவ்வாய்

ஹாலில் எழுந்தருளியிருக்கும் அப்பாவுக்கு,

பக்கத்து ரூமுக்கு லெட்டர் எழுதின முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். லீவு போட வெச்ச என் ஜுரம் தேவலை, ரசம் கொதிக்குது, அம்மா கடைக்குப் போயாச்சு. முத்திரை போட ஆள் இல்லாததால ரசத்துளியால நானே போட்டிருக்கேன்.

மூணு நாளா நீங்க வாயைத் திறக்கல. அம்மா கேட்டா தலையை ஆட்டறீங்க. அம்மா நேத்து பூஜை அலமாரிகிட்ட நின்னு அழுதாங்க, "மனுஷனை அனுப்பிட்டு வாயை அங்கயே வெச்சுக்கிட்டாங்க"ன்னு. மருதை உங்க பக்கத்துல உக்காந்து பெட்டியில யானைக் கதை கேக்கறான், உங்க முட்டியில சாஞ்சுக்கறான், ஆனா எங்க முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. சீப்பை வேற ஸ்கூல் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடறான். சனிக்கிழமை நான் ஸ்பெஷல் கிளாஸ்ல இருந்தேன். நீங்க வந்தப்ப இங்க என்ன நடந்துச்சு? பேச வேணாம், எழுதுங்க. பேனா கூட இருக்கு, மூடியை மட்டும் நான் கடிச்சிருக்கேன்.

கனி

*

ஹால்
அதே நாள்

கனிம்மா,

ரச வாசம் இங்கே வரை வருகிறது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

சனிக்கிழமை நான் வந்தபோது கதவு தாழ் போடவில்லை, சாத்தியிருந்தது. அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தள்ளப் போனேன். உள்ளே என் குரல் கேட்டது. "வந்துட்டே இருக்கேன் கனி." கை அப்படியே நின்றுவிட்டது. கதவுக்கு உள்ளே ஒருவன் வந்துகொண்டே இருக்கிறான், வெளியே ஒருவன் வந்து நிற்கிறான். எவன் உயிரோடு இருக்கிறவன் என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை. "அப்புறம்" என்று வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். டின் உருளவில்லை. கதவைத் திறந்தேன்.

அவன் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். சீப்பை எடுத்தான். பெட்டி நின்றது. "மருதை" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றான். ஸ்டூலை இழுத்து வந்து போட்டு ஏறி, என் சட்டைப் பையில் சீப்பைச் செருகினான்.

"இப்ப பேசு" என்றான்.

சீப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்புறம்?" என்றான். "அப்புறம் சொல்லு."

"சாப்டியா?" என்றேன். வேறென்ன கேட்பது, சொல்.

முகம் சுருங்கிப் போனது. சீப்பை உருவிக்கொண்டான். "இது வேற பாட்டு. அக்கா ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிட்டா" என்றான். அவன் வைக்கிறதுதான் சட்டம் என்று நீதானே எழுதினாய்? எடுத்தால் நின்றுவிட வேண்டும். அதனால் நின்றுவிட்டேன். தினமும் சாயங்காலம் நீ அடுப்படியில் இருக்கும்போது ஒரு தடவை என் பையில் சீப்பை வைத்து "அப்புறம்?" என்று கேட்கிறான். நான் அதைச் சொல்கிறவரை வேறு எதையும் பேச அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்து "கா கா" என்று கூப்பிட்டான். காக்காய் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் போய் அதை எடுத்துச் சாப்பிட்டேன். சிரித்தான், கனி. நான் வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

அவனிடம் ஏதோ ஒரு கதையைச் சொல்லி முடித்திருக்கலாம். அப்புறம் பரோட்டா வாங்கி வருகிறேன் என்று சொல்ல வந்தேன், என்று. நிஜமே அதுதான். பரோட்டாதான் சொல்ல வந்தேன். ஆனால் அந்த "அப்புறம்" நடுவில் வேறு ஒன்று நடந்துவிட்டது. உனக்குத் தெரியும். கோர்ட்டில் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், முறுக்குக்காரரின் மனைவி வியாகுலம்மாள். என்னை ஏசியதே இல்லை. ஒரே ஒரு தடவை வராண்டாவில், "ஹாரன் அடிக்க முடியாத அளவுக்கு உங்க கையில என்னங்க வேலை?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கும் நான் அந்த இடத்திலேயே நின்றுபோன பெட்டிதான். மணப்பாறையில் அந்த வீட்டுக் கதவு இன்னும் தாழ் போடாமல் கிடக்கிறதோ என்னவோ.

பையன் கேட்டதை முதலில் அங்கே சொல்ல வேண்டும். சொன்னால் திரும்ப உள்ளே போக வேண்டி வருமா, தெரியாது. அந்த அம்மா கதவைச் சாத்திவிடலாம். உன் அம்மாவிடம் இன்று ராத்திரி எழுதிக் காட்டிவிட்டுத்தான் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அந்தச் சீப்பைக் கேட்டு வாங்கிக் கொடு. அங்கே நான் பேசியாக வேண்டும்.

அப்பா

*

அடுப்படி
22.12.2024, ஞாயிறு காலை

அப்பா,

இட்லி பொட்டலம் மஞ்சப் பையில இருக்கு. மணப்பாறை பஸ்ல ஜன்னல் சீட்டு பிடிங்க, முன் சீட்டு வேணாம். அம்மா உங்க நீலச் சட்டைக்கு ராத்திரியே இஸ்திரி போட்டு வெச்சிருக்காங்க.

மருதைகிட்டக் கேட்டேன். "அப்பாவோட அப்புறம் மணப்பாறையில ஒரு அம்மாகிட்ட இருக்குடா, சீப்பு இருந்தாத்தான் எடுக்க முடியும்"னேன். அப்புறம் அவனே ஸ்டூல் போட்டு ஏறி நீலச் சட்டைப் பையில சீப்பை வெச்சுட்டு, அது தலை நீட்டுதான்னு தள்ளி நின்னு பாத்துக்கிட்டான். கூடவே ஒரு ஆர்டர் போட்டிருக்கான். முழுசாக் கேக்கற வரைக்கும் அந்த அம்மா சீப்பை எடுக்கக் கூடாதாம்.

பெட்டி மேல இப்ப எதுவும் இல்ல. கதவுத் தாழை எடுத்து விட்டுட்டு வாசப்படியில உக்காந்திருக்கான். நீங்க அவனைத் தாண்டித்தான் போகணும்.

கனி